கேரோஸ் வீட்டு விறகு

எருசலேம், ஓபேல் மேடு
சீவான் மாதம் 3

அன்பு அக்கா நாராளுக்குத் தம்பி பாதோன் எழுதுவது.

நீ சுகமாயிருக்க வேண்டும், உன் வீட்டில் எல்லோரும் சுகமாயிருக்க வேண்டும், உன் இரண்டு வெள்ளாடுகளும் சுகமாயிருக்க வேண்டும். இங்கே நானும் என் வீட்டுக்காரி மில்காளும் நன்றாயிருக்கிறோம். கோடரி பட்டுப் போன என் கட்டைவிரல் நகம் திரும்ப முளைக்கிறது. கடிதத்தில் மீன் நாற்றம் அடித்தால் என்னைத் திட்டாதே. கொண்டுவருகிற தீரு ஊர் மீன்காரன் போஸ்தார் எதைக் கொடுத்தாலும் கூடைக்குள்தான் செருகுகிறான்.

அக்கா, எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. நேற்று ஆலய முற்றத்தில் பெரிய கூட்டம். இனிமேல் பலிபீடத்துக்கு எந்த வீடு எந்த நாளில் விறகு கொண்டுவருவது என்று பெயர்களைச் சீட்டில் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கப் போகிறார்களாம். ஆசாரியர் வீடுகள், லேவியர் வீடுகள், யூதா, பென்யமீன் குடும்பங்கள் என்று வாசித்துக்கொண்டே போனார்கள். நம் கேரோஸ் வீட்டுப் பெயர் இல்லை. இருக்காது என்று எனக்கும் தெரியும். யார் விறகு கொடுத்தாலும் மலைமேல் சுமந்து ஏற்றப்போவது நாம்தானே. நம் கிபியோன் முன்னோர் பூசணம் பிடித்த ரொட்டியையும் பிய்ந்த செருப்பையும் காட்டி, தூரதேசத்தார் என்று பொய் சொல்லி உயிர் தப்பினார்களே, அன்றைக்கு நமக்கு விதித்த வேலை அது. விறகு வெட்டுவது, தண்ணீர் சுமப்பது.

அப்போது பில்கா எழுந்தார். உனக்கு நினைவிருக்கும், பிறவியிலேயே கால் வளைந்த ஆசாரியர். ஆசாரியர் வீட்டில் பிறந்தும் ஊனத்தால் பலிபீடத்தில் ஏற முடியாமல், விறகுக் கொட்டகையில் உட்கார்ந்து கட்டைகளில் புழு இருக்கிறதா என்று பார்க்கிறவர்.

"கேரோஸ் வீட்டையும் எழுதுங்க," என்றார்.

வாசல் காவலர் தலைவன் தல்மோன் சிரித்தான். "சுமக்கிறவனுக்கு எதுக்குய்யா சீட்டு? பூசண ரொட்டிக்காரன் பேரையும் குடத்துல போடணுமா?"

"அவன் அப்பன் பாட்டன் சுமந்ததெல்லாம் அடுத்தவன் விறகு. ஒரு நாளாவது அவன் விறக அவன் கொண்டாரட்டுமே. உனக்கு எங்க வலிக்குது?"

மதியம் தொடங்கி மாலைவரை வாக்குவாதம். கடைசியில் எழுதினார்கள் அக்கா. என் கண்ணால் பார்த்தேன். "கேரோஸ்" என்று எழுதி ஊதிக் காயவைத்தார்கள். வீட்டுக்கு வந்து பருப்புக் கூழை வாயில் வைக்கிறேன், இறங்கவில்லை. "என்னய்யா, பேய் பிடிச்சிருச்சா?" என்கிறாள் மில்காள். அடுத்த வாரம் குலுக்கல். நீயும் வேண்டிக்கொள்.

உன் தம்பி,
பாதோன்

*

அஸ்தோத்
சீவான் 12

தம்பி பாதோனுக்கு அக்கா எழுதுகிறேன்.

கர்த்தர் உன்னையும் மில்காளையும் உன் கட்டைவிரலையும் காப்பாராக. என் ஆடுகளின் நலம் விசாரித்தாய், இரண்டும் நலம். என் வீட்டில் அசூரி என்று ஒரு மனிதரும் இருக்கிறார். பன்னிரண்டு வருஷமாக இருக்கிறார். ஆட்டுக்கு அடுத்தபடியாகவாவது அவரை ஒரு வார்த்தை கேட்டால் உன் எழுதுகோல் தேய்ந்துவிடாது. அவரும் நலம்.

உன் கடிதம் வந்தபோது நான் கடற்கரையில் மீனுக்கு உப்பிட்டுக்கொண்டிருந்தேன். படித்துவிட்டு உப்புக் கையோடு எழுந்து ஆடாத குறைதான். பக்கத்துப் பெண்கள் என்ன என்று கேட்டார்கள், சொன்னேன். "வெறகு தூக்கிட்டுப் போறதுக்கா இந்தக் குதி குதிக்கிற?" என்றார்கள். அவர்களுக்கு எப்படிப் புரியவைப்பேன்? அப்பா தோள் காய்த்துப் போய்ச் செத்தார். அவ்வளவு சுமந்தவர் ஒரு நாளும் அதை "என் விறகு" என்று சொன்னதில்லை.

அப்பா கட்டையைத் தட்டிப் பார்ப்பாரே, ஞாபகம் இருக்கிறதா? உள்ளே புழு அரித்திருந்தால் சத்தம் பொத்தென்று அமுங்கும். சுத்தமான கட்டை கணீரென்று சொல்லும். நல்லதாகப் பார்த்துக் கரியால் மூன்று கோடு இழுத்து வைப்பார். ஏழு வயதில் நானே தட்டிச் சொல்லிவிடுவேன். உனக்குத்தான் கடைசிவரை அந்தக் காது வரவில்லை. பில்காவிடம் நல்ல பெயர் வாங்கிக்கொண்டு எப்படித்தான் காலம் தள்ளுகிறாயோ.

எந்த நாள் விழுந்தது என்று உடனே எழுது. அதுவரை எனக்குச் சோறு இறங்காது. பேய் உனக்கு மட்டும்தான் பிடிக்குமா?

அக்கா,
நாராள்

*

எருசலேம்
சீவான் 21

அக்காவுக்கு,

விழுந்துவிட்டது. ஆப் மாதம் பதினைந்தாம் நாள், இன்னும் ஏழு வாரம். முதலில் இதைச் சொல்லிவிட்டுத்தான் நலம் கேட்கிறேன். நலமா? அத்தான் நலமா? (பார், கேட்டுவிட்டேன். ஆடுகளை அடுத்த முறை கேட்கிறேன்.)

பதினைந்து என்றால் வெயில் உறைப்பு இருக்கிற கடைசி நாள். அதற்குப் பிறகு வெட்டிய மரம் காயாது, புழு வைக்கும். தன் கோத்திரம் இன்னதென்று தெரியாதவர்கள் எல்லாம் விறகு கொண்டுவர ஒதுக்கியிருப்பதும் அந்த நாள்தான். "வந்தேறிங்க எல்லாம் மொத்தமா ஒரே நாள்ல. நல்லதாப் போச்சு, ஒரே தடவ வாசலக் கழுவி விட்டுடலாம்," என்றான் தல்மோன். சொல்லட்டும். எனக்கு அது காதில் ஏறவே இல்லை.

ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. கொண்டுவருகிற விறகு அந்த வீட்டாரின் சொந்த நிலத்தில் வளர்ந்ததாயிருக்க வேண்டுமாம். நமக்கு ஏது நிலம்? ஓபேலில் நாலு சுவரும் ஒரு தண்ணீர்த் தொட்டியும். தல்மோன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு என்ன தோன்றியதோ, "என் அக்காவுக்குத் தோட்டம் இருக்கு," என்று கத்திவிட்டேன். எங்கே என்று கேட்டார்கள். மேற்கே என்றேன். மேற்கே எங்கே என்றார்கள். சமுத்திரம் வரைக்கும் என்னைத் தள்ளிக்கொண்டு போய்க் கடைசியில் அஸ்தோத் என்று வாயிலிருந்து பிடுங்கிவிட்டார்கள்.

அந்நியர் ஊராயிற்றே, பெரிய இரைச்சல். மூப்பர்கள் கூடிப் பேசி முடிவு சொன்னார்கள்: கேரோஸ் வீட்டுப் பெண் வாழ்கிற நிலம் கேரோஸ் வீட்டுக்கும் உரியது. ஆனால் நிலத்துக்காரன் தன் கையாலேயே விறகைக் கொண்டுவந்து, மனதாரக் கொடுக்கிறேன் என்று தன் வாயால் சொல்ல வேண்டும். அன்றைக்கு வரவில்லையென்றால் நம் பெயர் குடத்திலிருந்து எடுக்கப்படும். எடுத்தால் எடுத்ததுதான்.

அக்கா, அத்தானிடம் நீதான் கேட்க வேண்டும். நான் கேட்க எனக்கு வாய் இல்லை.

பாதோன்

*

அஸ்தோத்
தம்மூஸ் 2

தம்பிக்கு,

எல்லோரும் நலம். நீயும் நலமாயிரு.

உனக்கு ஏன் வாய் இல்லை என்று எனக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் அவர் ஒரு கூடை நல்ல மடவை மீனைத் தோளில் வைத்துக்கொண்டு என்னோடு எருசலேமுக்கு வந்தார். இதே தல்மோன் வாசலில் கையை நீட்டி மறித்து, "யாருய்யா நீ?" என்றான். அவர் தன் பெயரைச் சொன்னார். "பேரு கேக்கல. நீ யாரு?" என்றான்.  மீனை வாசலிலேயே இறக்கிவைத்துவிட்டுத் திரும்பிவிட்டார். அதற்குப் பிறகு எருசலேம் என்ற சொல் எங்கள் வீட்டில் எழும்பினால் அவர் எழுந்து தோட்டத்துக்குப் போய்விடுவார்.

நான் சாப்பாடு வைத்துக்கொண்டே கேட்டேன். எழுந்து தோட்டத்துக்குப் போய்விட்டார். நாலாம் நாள் காலையில் ஆட்டுக்குத் தழை போட்டுக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.

"நான் வரலன்னா உங்க வீட்டுப் பேர எடுத்துருவாங்களா?"

"ஆமா."

"வந்தா நிக்க விடுவாங்களா, வாங்கிட்டுத் தொரத்திருவாங்களா?"

"கொடுக்கிறவங்க முற்றத்துல நிப்பாங்க. பேர் சொல்லிப் படிப்பாங்க."

"எம் பேரையா?"

"உங்க பேரையும்."

"சரி, வரேன்," என்றார். அவ்வளவுதான் தம்பி. ஆனால் அன்று மாலையே தாடியைக் கத்தரித்துக்கொண்டு வந்து நிற்கிறார். வெள்ளை அங்கி நெய்யக் கொடுத்திருக்கிறார். இரண்டு தடவை என்னிடம், "முற்றத்துல நிக்கும்போது கைய எங்க வச்சுக்கணும்?" என்று கேட்டுவிட்டார். எனக்குச் சிரிப்பும் வருகிறது, அழுகையும் வருகிறது.

மரத்துக்குக் கவலையில்லை. வேலியோரம் வாதுமை இருக்கிறது, பின்கட்டில் காய்ப்பு நின்று பட்டுப்போன அத்தி இருக்கிறது. முன்வாசல் ஒலிவம் மட்டும் அவர் உயிர். அவர் அப்பா நட்டது, வருஷம் ஆறு சாடி எண்ணெய் தருவது. அதை நாம் தொடப்போவதில்லை.

அக்கா

*

எருசலேம்
தம்மூஸ் 9

அக்காவுக்கும் அத்தானுக்கும்,

இருவரும் சுகமாயிருங்கள், ஆடுகளும். உன் கடிதத்தைப் பில்காவுக்கு வாசித்துக் காட்டினேன். கையை எங்கே வைத்துக்கொள்வது என்ற இடத்தில் அவர் விழுந்து விழுந்து சிரித்து, பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எனக்கும் தெரியாதுன்னு சொல்லு. நானும் அங்க நின்னதில்ல," என்றார்.

விறகைப் பற்றி உனக்குத் தெரியாதது இல்லை. இருந்தாலும் அத்தானிடம் சொல்லிவிடு. வீட்டு உத்தரமாகவோ, வண்டியாகவோ, வேறு எதற்காவதோ உழைத்த மரம் ஆகாது. புழு ஒன்று இருந்தாலும் ஆகாது. ஒலிவமும் திராட்சையும் ஆகவே ஆகாது, விளக்குக்கு எண்ணெயும் பலிக்குத் திராட்சரசமும் தருகிற மரங்களைப் பலிபீடத்தில் எரிப்பதில்லை. அத்தி முதல் தரம்.

மில்காள் எனக்கும் புது அங்கி கேட்டு ஆடை விற்பவனோடு சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறாள். ஓபேலில் தண்ணீர் சுமக்கும் பெண்கள்கூடப் பாட ஆரம்பித்துவிட்டார்கள். ஊரே என் வீட்டு வாசலில் நிற்கிறது, அக்கா. நாளை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

பாதோன்

*

அஸ்தோத்
தம்மூஸ் 16

தம்பிக்கு,

நலம். இதைத் தனியாக உட்கார்ந்து படி.

மீன் வரத்து அதிகமாகி இரண்டு நாள் நான் கரையிலேயே தங்கினேன். உன் கடிதத்தைப் போஸ்தார் எனக்கு அங்கேதான் கொடுத்தான். வீட்டுக்கு வந்தால் முன்வாசலில் வெளிச்சம் அதிகமாயிருந்தது. ஒலிவம் கீழே கிடந்தது. அவர் அதன்மேல் உட்கார்ந்து வேர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். அப்படி ஒரு சந்தோஷத்தை அவர் முகத்தில் நான் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை.

"அத்தி, வாதுமையெல்லாம் யாரு வேணா கொண்டு வருவான்," என்றார். "உங்க சாமிகிட்ட மொதத் தடவ போறேன். வீட்டுலயே நல்லது எதுவோ அதத்தான் எடுத்துட்டுப் போகணும். இப்ப அந்தக் காவக்காரன் நான் யாருன்னு கேக்கட்டும்."

உன் கடிதம் என் மடியில் இருந்தது. அதை நான் வெளியே எடுக்கவில்லை.

இது ஆகாது என்று சொன்னால், நீ ஆகாது என்றுதான் அவர் காதில் விழும். வண்டியை அவிழ்த்துவிடுவார். பிறகு வாழ்நாளுக்கும் எருசலேம் பக்கம் திரும்ப மாட்டார், நம் பெயரும் போய்விடும். சொல்லாமல் அனுப்பினால் அங்கே கூட்டத்தின் நடுவில் தெரியவரும். எது மோசம் என்று எனக்குத் தெரியவில்லை. நீ ஒன்றும் எழுதிவிடாதே. நான் யோசிக்கிறேன்.

நாராள்

*

எருசலேம்
தம்மூஸ் 21

அக்கா,

நலம் விசாரிக்க நேரமில்லை. உடனே சொல்லிவிடு. இன்றே சொல்லிவிடு. ஒலிவத்தோடு வந்தால் தல்மோன் ஊரைக் கூட்டிச் சிரிப்பான், அத்தான் தாங்க மாட்டார், நானும் தாங்க மாட்டேன். வாதுமையை வெட்டச் சொல். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும், காலில் விழுந்தாவது சமாதானம் செய். இதைக் கொண்டுவருகிற போஸ்தாரிடமே பதில் கொடுத்தனுப்பு. நான் மேற்கு வாசலிலேயே நிற்கிறேன்.

பாதோன்

*

எருசலேம்
ஆப் மாதம் 3

அக்கா,

போஸ்தார் இரண்டு முறை வந்துபோய்விட்டான். பதில் இல்லை. உனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லையே? அதை மட்டுமாவது எழுது.

போஸ்தாரை உலுக்கிக் கேட்டேன். "உங்க அக்காவா? பின்கட்டுலயே கெடக்கு. கையெல்லாம் கரி. கூப்பிட்டா, சத்தம் போடாதங்குது," என்றான். இந்த நேரத்தில் அடுப்புக்குக் கரி போடுகிறாயா, நாராள்? 

நான் இன்னும் பில்காவிடம் சொல்லவில்லை. மில்காளிடமும் சொல்லவில்லை. எல்லோரும் என் தோளைத் தட்டிக்கொடுக்கிறார்கள். தட்டும்போதெல்லாம் உள்ளே பொத்தென்று கேட்கிறது. நானே வந்துவிடலாம் என்றால் இந்த வாரம் தண்ணீர் முறை என்னுடையது, விட முடியாது. தயவுசெய்து ஒரு வரி எழுது.

பாதோன்

*

அஸ்தோத்
ஆப் மாதம் 11

தம்பிக்கு,

நலமாயிருக்கிறேன். உடைந்த பானை ஓட்டுத் துண்டில் எழுதுவதால் சுருக்கமாக எழுதுகிறேன். அவர் வண்டிக்கு முன்னால் போஸ்தாரின் கழுதை வந்து சேரும்.

இன்று காலை அவர் புறப்பட்டார். ஒலிவத்தோடுதான். நான் வரவில்லை. மடவை மீன் குவிந்துகிடக்கிறது, உப்பிடாவிட்டால் ஊருக்கே நாறும். நான் பக்கத்தில் இருந்தால் அவர் என் முகத்தைப் பார்த்தே எல்லாம் தெரிந்துகொள்வார், அதற்காகவும்தான்.

இரண்டு காரியம் உன்னிடம் கேட்கிறேன். வண்டியிலிருந்து விறகை நீயே இறக்கு. அடிக்கட்டை வரைக்கும் இறக்கு, பாதியில் நிறுத்திவிடாதே.

இன்னொன்று. பன்னிரண்டு வருஷத்துக்கு முன் தல்மோன் அவரை மறித்தபோது, வாசலுக்கு உள்ளே விறகுக் குவியலுக்குப் பின்னால் ஒரு ஜோடி செருப்பு தெரிந்தது. இடது வாரில் சிவப்பு ஒட்டு. அந்த ஒட்டை நான்தான் தைத்துக் கொடுத்தேன். இந்த முறை வெளியே வா, தம்பி.

அக்கா

*

எருசலேம்
ஆப் மாதம் 16

என் அக்காவுக்கு,

உனக்கு ஆயிரம் சமாதானம். மூச்சு வாங்க எழுதுகிறேன், எழுத்து ஓடினால் பொறுத்துக்கொள்.

அந்தச் செருப்பு என்னுடையதுதான். இத்தனை வருஷம் உனக்குத் தெரிந்திருந்தும் ஒரு வார்த்தை கேட்கவில்லையே. உன் ஓட்டுத் துண்டைப் படித்து வெட்கத்தில் அழுதேன். சரி, நேற்று நடந்ததைக் கேள்.

காலையில் குழல் ஊதிக்கொண்டு ஒவ்வொரு வீட்டாராக விறகோடு வருகிறார்கள். எல்லோரும் வெள்ளை உடை. அத்தான் வண்டியோடு வருகிறார், அவர் அங்கிதான் எல்லாவற்றையும்விட வெள்ளை. தல்மோன் கையை நீட்டினான்.

"யாருய்யா நீ?"

அத்தான் வாயைத் திறப்பதற்குள் நான் நடுவில் போய் நின்றேன்.  "எங்க அத்தான். கேரோஸ் வீட்டு மாப்பிள்ள. நான் கூப்பிட்டு வந்திருக்காரு. கைய எடு." எல்லோரும் கேட்கும்படி சொன்னேன், அக்கா. தல்மோன் கையை எடுத்தான். அத்தான் என்னைப் பார்த்த பார்வையை எழுதத் தெரியவில்லை.

கொட்டகைக்குப் போனோம். பில்கா மேல் கட்டையைத் தட்டினார். மோந்து பார்த்தார். இன்னொருமுறை மோந்து பார்த்தார். "இது ஒலிவம்," என்றார் மெதுவாக.

"ஆமா சாமி," என்றார் அத்தான், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. "எங்க அப்பா நட்டது. இதவிட நல்ல மரம் எங்க ஊர்லயே இல்ல."

பின்னால் தல்மோன் வாய்விட்டுச் சிரித்தான். "ஒலிவத்த எரிக்க வந்திருக்கான்யா. அஸ்தோத்காரன் புத்தி." கூட்டமும் சிரித்தது. அத்தான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பில்கா அவர் கையைப் பிடித்து, இதன் எண்ணெயில்தான் உள்ளே விளக்கு எரிகிறது, அதனால்தான் இதை எரிப்பதில்லை, மட்டம் என்று இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். அத்தானுக்கு எதுவும் ஏறவில்லை. மாட்டின் கயிற்றைப் பிடித்து வண்டியைத் திருப்பப் போனார்.

அப்போதுதான் நீ எழுதியது ஞாபகம் வந்தது. வண்டியில் ஏறினேன். புது அங்கியோடு ஒலிவக் கட்டைகளை உருட்டித் தள்ளினேன். "விடு பாதோன், போதும்," என்றார் அத்தான். நான் விடவில்லை. கடைசி ஒலிவத்தைத் தள்ளினதும் அடியில் அத்தி. ஒரே நீளத்தில் வெட்டி, பட்டை உரித்து, காய்ந்து கலகலத்துப்போன அத்தி. ஒவ்வொரு கட்டையிலும் கரியால் மூன்று கோடு.

அக்கா, வண்டியிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். அப்பாவே அனுப்பினது மாதிரி இருந்தது. அடுப்புக்குக் கரி போடுகிறாயா என்று உன்னைக் கேட்டேனே, என்னை எதால் அடிப்பது?

பில்கா முப்பத்தொரு கட்டையையும் தட்டினார். எல்லாம் கணீர். "இத யாரு பாத்தது?" என்றார்.

"எங்க அக்கா."

"பொம்பள பாத்ததெல்லாம் செல்லுமா?" என்றான் தல்மோன்.

"புழுவுக்குத் தெரியுமா யாரு தட்டுனான்னு? நீ வந்து ஒரு புழு காட்டு, தள்ளிடறேன்." பிறகு அத்தானிடம் திரும்பினார். "இது உன் நெலத்து மரமா? மனசாரக் குடுக்கிறியா?"

'ஆமா' என்று ஒரு சொல் சொன்னால் முடிந்தது. உன் புருஷன் சொல்லவில்லை. "இத நான் குடுக்கணும்னு கொண்டாரல," என்றார். "வண்டி ஆடாம இருக்க அடியில போட்டிருக்கேன்னு சொன்னா எம் பொண்டாட்டி. பொய் சொல்லி உங்க சாமிக்குக் குடுக்க மாட்டேன்." எனக்கு உயிரே போய்விட்டது. நம் முன்னோர் பொய் சொல்லி உள்ளே வந்தார்கள், இந்த மனிதர் மெய் சொல்லி வெளியே போகப்போகிறார் என்று நினைத்தேன்.

"கொண்டு வந்தப்ப நெனச்சத நான் கேக்கல," என்றார் பில்கா. "இப்பக் கேக்கறேன். குடுக்கிறியா?"

அத்தான் கீழே கிடந்த ஒலிவத்தைப் பார்த்தார். அத்தியைப் பார்த்தார். ஒரு கட்டையை எடுத்து அந்த மூன்று கோட்டையும் விரலால் தடவினார். "குடுக்கிறேன்," என்றார்.

வாசித்தார்கள், அக்கா. "கேரோஸ் வீடு, அஸ்தோத் அசூரியின் நிலத்திலிருந்து." முற்றத்தில் நானும் அவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். நம் அத்தி புகையில்லாமல் எரிந்தது. கையை எங்கே வைத்துக்கொள்வது என்று அவருக்குக் கடைசிவரை தெரியவில்லை, என் தோள்மேல் போட்டுக்கொண்டார். ஓபேல் பெண்கள் பாடினது உனக்கு அங்கேயே கேட்டிருக்கும். நம் பெயர் குடத்தில் இருக்கும், இனி யாரும் எடுக்க முடியாது.

வெளியே வந்ததும் அத்தான் ஒலிவத்தை வண்டியில் ஏற்றக் குனிந்தார். பில்கா கோலை ஊன்றிக்கொண்டு வந்தார். "இத எங்க கொண்டு போற? திரும்ப நட முடியுமா? எங் கொட்டகையில விறகு பிளக்கிற அடிக்கட்ட வெடிச்சுப் போய்க் கெடக்கு. எரிக்க மட்டும்தான் ஒலிவம் ஆகாது. உன் அத்தி இன்னைக்கு எரிஞ்சு முடிஞ்சுது. இதுமேல வச்சுத்தான் இனிமே எல்லா வீட்டு விறகையும் பிளக்கணும். ஆசாரியன் வீட்டு விறகையும், தல்மோன் வீட்டு விறகையும்."

நாலு பேர் சேர்ந்து அடிமரத்தை உருட்டிக்கொண்டு போனோம். நாலில் ஒருவர் பில்கா.

உன் தம்பி,
வெளியே வந்த பாதோன்

*

எருசலேம்
ஆப் மாதம் 18

(அக்கா, அத்தான் சொல்வதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன். பாதோன்.)

நாராளு, நான் அசூரி. நல்லாருக்கேன். நீ நல்லாருக்கியா? உப்பு போதுமா, இல்லன்னா போஸ்தார்கிட்டக் கேளு.

நீ இருபது நாளா பின்கட்டுல தட்டுன சத்தம் எனக்குக் கேட்டுக்கிட்டுத்தான் இருந்துச்சு. வண்டி ஆடாம இருக்கன்னு சொன்ன, நம்பிட்டேன். கட்டைல அந்தக் கோட்டப் பாத்தப்பதான் உனக்கு முன்னாலயே தெரியும்னு புரிஞ்சுது. அங்கயே கோவம் வந்துச்சு. அப்பறம் நெனச்சுப் பாத்தேன். நீ அன்னைக்கே சொல்லியிருந்தா நான் வண்டி கட்டியிருக்க மாட்டேன். செத்தாலும் கட்டியிருக்க மாட்டேன். நீ வாய மூடிக்கிட்டது நல்லதுதான். ஆனா இனிமே மூடாத.

நான் வர இன்னும் ஆறு நாள் ஆகும். ஒலிவக் கட்ட முரண்டு பிடிக்கும், இவங்களுக்கு அது மேல வெட்டத் தெரியல. எந்தப் பக்கம் விறக வச்சாப் பிளக்கும்னு கோடரி போட்டுக் காட்டிட்டு வரேன். இன்னைக்குக் காலைல தல்மோன் வீட்டு விறகு வந்துச்சு. நான்தான் பிளந்தேன். அவன் கொஞ்ச நேரம் நின்னு பாத்தான். அப்பறம் தண்ணி கொண்டாந்து குடுத்தான்.

வெட்டுன எடத்துல வேர்ல இந்நேரம் துளிர் விட்டிருக்கும். ஆடுங்கள அந்தப் பக்கம் விடாத, கட்டி வையி.

அசூரி